உலகத்தைக் கால் மணி நேரத்தில் சுற்றிய சாமான்

சிலுவை தன் அறுபத்தொரு வயதுக்குள் ஒரே ஒரு பொய்தான் சொன்னவர். ஆனால் அதைத் தினமும் சொன்னார். வள்ளம் கரையேறியதும் யாராவது கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க கெடந்தீரு ஓய்?" என்று கேட்பார்கள். கிழக்கே நங்கூரம் போட்டுக் கிடந்திருந்தால் மேற்கே என்பார். மேற்கே கிடந்திருந்தாலும் சில நாள் மேற்கே என்றுதான் சொல்வார், எப்படியும் இவர் சொல்வதற்கு நேர் எதிராகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார். பொய் சொன்னேன் சாமி என்பார். என்ன பொய் என்று சாமியார் கேட்டால், மீன்பிடித்த இடத்தை மாற்றிச் சொன்னேன் என்பார். உண்மையில் எந்த இடம் என்று மட்டும் சாமியாரிடமும் சொன்னதில்லை. சாமியாருக்கு மூன்று தம்பிமார், மூன்று பேருக்கும் வள்ளம் இருந்தது.

இந்தப் பாடெல்லாம் ஒரு பாருக்காக. பார் என்றால் இங்கே கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டு. சுற்றிலும் வெறும் சேறு, நடுவில் ஒரு பார் இருந்தால் கலவாவும் பாரை மீனும் அங்கேதான் குடியிருக்கும். தூண்டில்காரனுக்குப் பார் இருந்தால் அவன் முதலாளி, இல்லாவிட்டால் அடுத்தவன் வள்ளத்தில் ஏறிப் பங்குக்குக் கிடப்பவன். குளச்சலுக்கு அந்தப் பக்கம், மாதாவிளைத்துறையில், சிலுவைக்குப் பார் இருந்தது. முப்பத்தொரு வருஷம் முன்பு, தன் மகள் வியாகுலம்மாளை இவருக்குக் கட்டிக்கொடுத்த அன்று, மாமனார் இவரைத் தென்னை மரத்தடிக்குக் கூட்டிப்போய் காதில் சொன்னது அது. பந்தியில் இருந்தவர்கள் ஏதோ நகை விஷயம் என்று நினைத்தார்கள். நகையை விட உசத்தியான விஷயம்.

சொன்னது கணிச்சம். கரையில் இருக்கும் அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்கட்டி நடுக்கடலில் ஓரிடத்தைக் கண்டுபிடிக்கும் கணக்குக்கு அதுதான் பெயர். பள்ளியின், அதாவது தேவாலயத்தின், கோபுரத்துச் சிலுவை பின்னால் இருக்கும் மலையின் இரண்டாவது முகட்டில் போய்க் குத்தி நிற்க வேண்டும். அதே நேரம் ஓட்டுச்சூளையின் புகைபோக்கி ஒற்றைப் பனைக்குப் பின்னால் மறைய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நங்கூரத்தைப் போடலாம். பின்னாளில் சூளையை இடித்துவிட்டார்கள். சிலுவை மூன்று மாதம் தவித்து, புதிதாக வந்த மொபைல் டவரை வைத்துக் கணிச்சத்தைத் திருத்திக்கொண்டார். ஊரில் எல்லாரும் ஜிபிஎஸ் வாங்கியபோதும் அவர் வாங்கவில்லை. "அதுல நம்பர் இருக்கும். நம்பர எவனும் போட்டோ எடுப்பான். எம் மண்டைக்குள்ள இருக்குறத எவன் போட்டோ எடுப்பான்?" என்பார். இந்த அடையாளங்களை நான் இங்கே எழுதியதால் இன்றைக்கு ஒருவருக்கும் நஷ்டமில்லை. ஏன் நஷ்டமில்லை என்பதுதான் சொல்ல வந்த விஷயம்.

மாமனார் கெட்டிக்காரர். மருமகனுக்கு மேற்கே ஒரு பாரைக் கொடுத்தவர், சொந்த மகன் பெனிட்டோவுக்குக் கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பாரைக் கொடுத்தார். அளியன்மார், அதாவது மச்சான்மார், இருவரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள், ஒரே பெஞ்சில் பூசை கண்டார்கள், ஒருவர் பாரை ஒருவர் கேட்டதில்லை. கேட்காததாலேயே இரண்டு பேரும் பெரிய மனிதர்கள் என்று ஊரில் பேர்.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்குச் சிலுவை தன் பாரில் கிடந்தார். ஆகாயத்தில் மேற்கேயிருந்து ஒரு சாமான் வந்தது. அப்பச்சட்டி மூடி மாதிரி உருண்டையாக, வெள்ளி நிறத்தில், சத்தமே இல்லாமல். சிறகு இல்லை, வால் இல்லை, புகை இல்லை. பஸ் போகும் வேகத்தில் தலைக்கு மேலே கடந்து கிழக்கே போயிற்று. சிலுவை வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"எலேய், ஆகாசத்துல என்னமோ போவுது! மேக்க இருந்து கெழக்க போவுது! பாருங்கலே!"

பாதிப் பேர் தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் சிலுவை சொன்னது என்பதால் பார்க்கவில்லை. ஆறு இருபத்தைந்துக்கு வயர்லெஸ்ஸில் பெனிட்டோவின் குரல் கேட்டது. "அளியா, கண்டாச்சு! தலைக்கு மேல நிக்குது! கெழக்கதான் போவுது!"

அவ்வளவுதான் நடந்தது. அந்த இரண்டு குரலையும் எங்கேயோ ஒரு காது பதிவு செய்துவிட்டது.

ஐந்தாம் நாள் மாதாவிளைத்துறைக்கு நான்கு ஜீப் வந்தன. இறங்கியது வான்பொருள் விசாரணைக் குழு. அப்படி ஒரு குழு இருப்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியும், குழுவில் இருந்த சிலருக்கும் முந்தின வாரம்தான் தெரிந்ததாம். தலைவர் ஒரு கர்னல், வடக்கத்திக்காரர், மீசையும் கஞ்சி போட்ட சட்டையும் ஒரே விறைப்பு. மொழிபெயர்க்கச் சேலத்துக்காரர் ஒரு ஹவில்தார். சாமான் ராடாரில் விழவில்லையாம். விழுந்திருந்தால் என்னவென்று தெரிந்திருக்கும், விழாததால் அபாயம் அதிகம் என்று கர்னல் சொன்னார். இந்த முறையில் பார்த்தால் மாதாவிளைத்துறைக்கு மேலே தினமும் எத்தனை அபாயம் விழாமல் போகிறதோ, தெரியாது.

சாமானைப் பார்க்காதவர்கள்தான் முதலில் சாட்சி சொல்ல வந்தார்கள். மொபைல் கடை வைத்திருக்கும் ஷிபு, அன்று காலை எட்டு மணிவரை வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவன், பச்சை வெளிச்சத்தையும் அதிலிருந்து எட்டிப் பார்த்த முகத்தையும் யூடியூப்காரர்களிடம் இருபது நிமிஷம் விவரித்தான். முகத்தில் மீசை இருந்ததா என்று கேட்டதற்கு யோசித்துப் பதில் சொன்னான். குழு அதையும் எழுதிக்கொண்டது.

உண்மையாகப் பார்த்த இருவரையும் பள்ளியின் பங்கு மண்டபத்தில் தனித்தனி அறையில் வைத்தார்கள். சாட்சிகள் பேசிவைத்துக்கொள்ளக் கூடாது என்பது கர்னலின் புத்தி. அவர்களை ஒரே அறையில் விட்டு ஒரு கட்டன் சாயா கொடுத்திருந்தால் விசாரணை அன்றைக்கே முடிந்திருக்கும்.

"என்ன பார்த்தீங்க?" என்று ஹவில்தார் கேட்டார். சிலுவை பார்த்ததை அப்படியே சொன்னார். நிறம், உருவம், வேகம், நேரம், திசை எதிலும் ஒரு சொல் கூட்டவில்லை. கர்னலுக்கே மரியாதை வந்துவிட்டது.

"எங்கிருந்து பார்த்தீங்க?"

மேசையில் கடல் வரைபடத்தை விரித்தார்கள். சிலுவையின் பார் கிடக்கும் இடத்தில் வெறும் சேறு என்று போட்டிருந்தது. சர்க்காருக்கே தெரியாத பார்! ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்துவிட்டது அவருக்கு. விரல் தானாக எதிர்ப்பக்கம் போனது. ஆனால் சும்மா ஏதோ ஒரு சேற்றைக் காட்டவும் முடியாது. அங்கே தூண்டில்காரனுக்கு என்ன வேலை என்று ஊரே கேட்கும், கேட்டால் எதையோ மறைக்கிறான் என்று தோண்ட ஆரம்பிப்பார்கள். யாராவது ஈயம் விட்டுப் பார்த்தாலும் பாறை தட்டும் இடமாகவே காட்ட வேண்டும். அவருக்குத் தெரிந்த இன்னொரு பார் பெனிட்டோவினுடையது.

எப்படித் தெரியும் என்று கேட்கலாம். பெனிட்டோ தன் மகள் ஸ்மைலின் கல்யாணத்துக்காகத் துணிக்கடையும் சமையல்காரரும் என்று ஓடித் திரிந்த மாதத்தில், சிலுவை கிழக்கே தேடிப் போய்க் கண்டுபிடித்தது. அந்த மாதம் முழுக்க அங்கேதான் பிடித்தார். கல்யாண விருந்தில் எல்லாரும் புகழ்ந்து சாப்பிட்ட கலவா அங்கே பிடித்ததுதான். மாமன் முறைக்கு அவர் அன்பளிப்பாகக் கொடுத்தது.

விரல் கிழக்கே போய் நின்றது. "இஞ்சதான்."

வரைபடத்தில் காட்டினால் போதாது, நேரில் காட்ட வேண்டும் என்றார் கர்னல். மறுநாள் ரோந்துப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிலுவை அப்போதாவது இரண்டு கிலோமீட்டர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒருவன் நாற்பது வருஷம் செய்த வேலை பொய் சொல்லும்போதும் சுத்தமாகத்தான் வரும் போலிருக்கிறது. கடலைப் புத்தகத்தில் படித்த பிள்ளைகள் பத்துப் பேர் பக்கத்தில் நின்று பார்க்க, அவருக்குக் கெத்து வந்துவிட்டது. கரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். "இன்னும் கொஞ்சம் மேக்க எடு... பைய... ஒரு வள்ளத்து நீளம் கூட... நில்லு!" பெனிட்டோவின் பாருக்கு நேர் மேலே படகு நின்றது. ஒரு ஆள் நம்பரைக் குறித்துக்கொண்டான்.

மத்தியானம் பெனிட்டோவை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் எங்கே காட்டினார் என்பது சிலுவைக்குத் தெரியாது. கவலையும் படவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஆள் வந்தது. கணக்கு உதைக்கிறதாம், கர்னல் மறுபடி வருகிறாராம், மறுநாள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வரவேண்டுமாம். சிலுவை வீட்டுக்கு வந்து, நடந்ததை முதல்முறையாக வியாகுலம்மாளிடம் சொன்னார். அவள் சாளை மீன் அறுத்துக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தவில்லை.

"எங்க நின்னு கண்டீரோ அதச் சொல்லிட்டு வாரும். பட்டாளக்காரனுவளுக்குப் பொய் எழுதிக் கொடுத்து நாளைக்கு ஜெயிலுக்கா போவணும்?"

"சொன்னா பார் போயிரும் ஏட்டி. பார் போனா நான் யாரு? அடுத்தவனுக்க வள்ளத்துல பங்குக்குப் போணுமா இந்த வயசுல?"

"அப்பம் எங் கூடப்பொறந்தவனுக்க பார் போனா ஒமக்குச் செரியா?"

அவள் மீன் தலைகளைத் தேவைக்கு மேல் ஓங்கி வெட்டினாள்.

மறுநாள் மண்டபத்துச் சுவரில் பெரிய வரைபடத்தை வெளிச்சமாகக் காட்டினார்கள். நீலக் கடலில் இரண்டு சிவப்புப் புள்ளி. கிழக்குப் புள்ளிக்குப் பக்கத்தில் சிலுவையின் பெயர், ஆறு பத்து. மேற்குப் புள்ளிக்குப் பக்கத்தில் பெனிட்டோவின் பெயர், ஆறு இருபத்தைந்து. சிலுவை மேற்குப் புள்ளியைப் பார்த்தார். கோபுரம், முகடு, டவர், பனை எல்லாவற்றையும் மனதுக்குள் இழுத்துக் கட்டிப் பார்த்தார். சந்தேகமே இல்லை, அவருடைய பார். மாமனார் அவர் காதில் மட்டும் சொன்ன பாரில் அளியன் பெயர் சிவப்பில் எரிந்தது. பக்கத்து நாற்காலியில் பெனிட்டோ கிழக்குப் புள்ளியைப் பார்த்து வாயைப் பிளந்திருந்தார்.

கர்னல் கோலை எடுத்து விளக்க ஆரம்பித்தார், ஹவில்தார் தமிழில் சொன்னார். பொருள் ஆறு பத்துக்குக் கிழக்குப் புள்ளியில் இருந்தது. அங்கிருந்து கிழக்கே போயிற்று. ஆறு இருபத்தைந்துக்கு மேற்குப் புள்ளிக்கு வந்தது. அங்கும் கிழக்கே பார்த்துத்தான் போயிற்று. இரண்டு சாட்சிகளும் நம்பகமானவர்கள், நேரமும் திசையும் வயர்லெஸ் பதிவில் இருக்கின்றன. கிழக்கே போன பொருள் திரும்பாமலே மேற்கே வர வேண்டுமென்றால் ஒரு வழிதான் உண்டு.

"அதாவது," என்று ஹவில்தார் எச்சில் விழுங்கினார், "அது உலகத்தை ஒரு சுத்து சுத்திட்டு வந்திருக்கு. பதினஞ்சு நிமிஷத்துல. மணிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர்னு சார் கணக்குப் போட்டிருக்கார்."

கர்னலின் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. பலூனைத் தேடி வந்தவருக்கு இப்படி ஒன்று அகப்படுவது சும்மா இல்லை. சாட்சிகள் இடத்தை மாற்றிச் சொல்லியிருக்கலாமோ என்று அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏழை மீனவன் இடத்தைப் பற்றி எதற்காகப் பொய் சொல்வான்? உலகத்தைச் சுற்றும் சாமானை நம்புவது அவர்களுக்கு அதைவிடச் சுலபமாக இருந்தது.

"நீங்க சொன்னதில ஏதாவது மாத்தணுமா? இப்பவே சொல்லிடுங்க."

ஆளுக்கு ஒரு வாக்கியம் போதும். புள்ளிகள் இரண்டும் இடம் மாறும், உலகம் சுற்றிய சாமான் மறுபடி காற்றில் மிதந்த மூடியாகிவிடும், ஜீப்புகள் போய்விடும். சிலுவை அளியனைப் பார்த்தார். அளியன் சிலுவையைப் பார்த்தார். நீ மொதல்ல சொல்லு, பெறவு நான் சொல்லுகேன் என்று இரண்டு முகமும் சொல்லின. ஆனால் ஒருவன் ஒத்துக்கொண்டால் தன் பாரைத் தானே காட்டிக் கொடுத்தது போலாகும். ஒத்துக்கொள்ளாதவரை அது யாரோ தெரியாமல் தொட்ட ஒரு புள்ளிதான்.

"மாதா சத்தியமா கண்டது அங்கனதான்" என்றார் சிலுவை.

"நானும் சொன்ன எடத்துலதான்" என்றார் பெனிட்டோ. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே பூவரச மரத்தடியில் வந்ததும் சிலுவை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "லேய், எம் பார் ஒனக்கு எப்பம் தெரியும்?"

"ஒமக்கு மஞ்சக்காமாலை வந்து ஒண்ணர மாசம் கெடந்தீரே, அப்பம். நீரு எப்பம் எம் பாருக்குப் போனீரு?"

"ஒனக்க மவளுக்க கல்யாணத்துல."

"அந்தக் கலவாவா?" என்று பெனிட்டோ கத்தினார். "எம் மீனப் பிடிச்சு எனக்கே அன்பளிப்பாவோய் தந்தீரு?"

காமாலைக் காலத்தில் தனக்குக் கஞ்சியோடு பொரித்த பாரை மீன் கொண்டுவந்து தந்தது பெனிட்டோதான் என்பது சிலுவைக்கு அப்போது நினைவு வந்தது.

குழு தன் கடமையைச் செய்தது. அப்படிப்பட்ட வேகத்தில் வந்த சாமான் மறுபடி வரும், வந்தால் அதே இரண்டு இடத்துக்குத்தான் வரும் என்று தீர்மானித்தார்கள். இரண்டு புள்ளியிலும் ஆள் உயர மஞ்சள் மிதவை ஒவ்வொன்று கொண்டுவந்து நங்கூரமிட்டார்கள். அதன் உச்சியில் கருவி, கருவிக்கு மேலே மினுங்கும் விளக்கு. சுற்றி ஒரு மைலுக்குள் அறுபது நாள் யாரும் போகக் கூடாது என்று அறிவிப்பு. எங்கே போகக் கூடாது என்று மீனவர்களுக்குச் சரியாகத் தெரிய வேண்டுமே, அதற்காக இரண்டு இடத்தின் நம்பரையும் பாகை, கலை, விகலை வரைக்கும் அச்சடித்து, நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரைக்கும் எல்லாத் துறைகளிலும் ஒட்டினார்கள். ஞாயிறு பூசை முடிந்து மைக்கில் இரண்டு தரம் வாசித்தார்கள். ஷிபு அதைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, தெரியாதவர்களுக்கு ஜிபிஎஸ்ஸில் ஏற்றியும் கொடுத்தான். முப்பத்தொரு வருஷம் சாமியாரிடம் கூடச் சொல்லாததைப் பள்ளி மைக்கே சொல்லிவிட்டது.

சிலுவை ஒட்டிய தாளின் முன்னால் வெகுநேரம் நின்றார். அவர் பாருக்கு நம்பர் உண்டு என்பதையே அன்றுதான் பார்த்தார். "இந்த எடத்துல சர்க்கார் எதுக்குக் காவல் போடுது? அங்க என்னமோ இருக்கு" என்று பக்கத்தில் நின்ற ஆள் இன்னொருவனிடம் சொன்னான். சிலுவைக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்காமல் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அறுபது நாளும் மாதாவிளைத்துறையில் அளியன்மார் இருவரும் அடுத்தவர் வள்ளத்தில் பங்குக்குப் போனார்கள். சாமான் வரவில்லை. கர்னலுக்குப் பதவி உயர்வோடு மாற்றலாயிற்று. அவர் எழுதிய அறிக்கை இருநூறு பக்கம் என்றார்கள், மேலதிக மிதவைகள் வேண்டும் என்பது முடிவு. அன்று காலை ஆகாயத்தில் போனது என்ன என்று யாருக்கும் தெரியாது. இப்போது யாரும் கேட்பதும் இல்லை.

தடை நீங்கிய அன்று சிலுவை விடியுமுன்பே எழுந்து வள்ளத்தைத் தள்ளினார். வியாகுலம்மாள் கட்டிக்கொடுத்த சோற்றைத் தொடவில்லை. கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தபடியே ஓட்டினார், முகட்டைக் கட்டினார், டவரைப் பனைக்குள் தள்ளினார். அவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம். விடிந்ததும் தூரத்திலிருந்தே தெரிந்தது மஞ்சள் மிதவை, அதைச் சுற்றி நெருக்கமாக நாற்பத்து மூன்று வள்ளம். தேங்காய்ப்பட்டணத்துக்காரன், குளச்சல்காரன், முகம் தெரியாத ஆட்கள். மிதவையின் சங்கிலியிலேயே இரண்டு பேர் கயிறு கட்டியிருந்தார்கள். கலவா கலவாவாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிலுவை இன்ஜினை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் தள்ளி ஆடிக்கொண்டு நின்றார். நங்கூரம் போட இடமில்லை. கூட்டத்தின் ஓரத்தில் கிடந்த ஒருவன், நல்ல மனசுக்காரன், நாற்பது வயதிருக்கும், கையைத் தூக்கிக் கூப்பிட்டான்.

"மாமா, அங்கன நின்னா ஒண்ணும் கிட்டாது, வெறும் சேறு. மஞ்ச மிதவைக்கு நேரா இஞ்ச வாரும். பார் இஞ்சதான் கெடக்கு." தன் வள்ளத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடமும் விட்டான். "இந்தப் பக்கம் புதுசா?"

சிலுவை கரையைப் பார்த்தார். பள்ளிக் கோபுரத்துச் சிலுவை இரண்டாவது முகட்டில் சரியாகக் குத்தி நின்றது.

"ஆமா மக்கா," என்றார். "புதுசுதான்."